ஒப்பந்தக்காரர் பதிவு (திருகோணமலை)

இலங்கையில் கட்டட ஒப்பந்தக்காரர்களைப் பதிவுசெய்து தரப்படுத்தும் பொறுப்பு நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையுடையது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அதை நிறுவியது. முன்பு இந்த வேலையைச் செய்த நிறுவனத்தின் பெயரான ‘இக்டாட்’ இன்னமும் மேசன்மார் வாயில் புழங்குகிறது.

தர வரிசையில் சிஎஸ்2 உச்சம், சி9 கடைசி. எவ்வளவு பெறுமதியான வேலையை ஒருவர் ஏற்கலாம் என்பதை இந்தத் தரமே சொல்கிறது. கட்டடம், வீதி, பாலம், நீர்வழங்கல் என ஒவ்வொரு துறைக்கும் பதிவு தனித்தனி. வீதி வேலைக்குப் பதிந்தவரிடம் வீட்டு மாடியை ஒப்படைக்குமுன் அவருடைய சான்றிதழில் துறை, தரம், காலாவதித் திகதி மூன்றையும் பார்க்க வேண்டும். பலர் தரத்தை மட்டும் பார்த்துவிட்டு முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள் என்பதே பெரும் கவலை.

பதிவு வேறு, கட்டட அனுமதி வேறு.

வரைபடத்துக்கான அனுமதியை உள்ளூராட்சி மன்றத்திடம் பெற வேண்டும். கட்டி முடிந்ததும் ஒத்திசைவுச் சான்றிதழும் தேவை. துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் ஒட்டிய காணிகளுக்கு இன்னொரு படியும் உண்டு: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கியபின், இந்த எல்லை இம்மாவட்டத்தாருக்கு வெறும் அளவுக்கோடு அல்ல.

சிறு வீடுகளைப் பெரும்பாலும் பதிவில்லாத பாஸ்மாரே கட்டுகிறார்கள். அங்கே எழுத்து ஒப்பந்தமும், வேலையின் கட்டங்களுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் பணமும், குறைபாடு திருத்தும் வரை பிடித்துவைக்கும் தொகையுமே வீட்டுக்காரரின் பாதுகாப்பு.