பீன்யா மண்ணும் பொதுப் பணமும்: நச்சு நிலப் பரிசோதனைக்கு நிதி வந்த வரலாறு

பெங்களூரின் வடமேற்கே, துமகூருச் சாலையை ஒட்டி, 1970களில் சர்க்கார் முயற்சியால் உருவான பீன்யா தொழிற்பேட்டை, கடைசல் பட்டறை, வார்ப்பகம், முலாம் பூசும் கூடம் எனச் சிறிதும் பெரிதுமான ஆயிரக்கணக்கான தொழில்களுக்கு இருப்பிடமாகி, ஆசியாவின் மிகப் பெரிய பேட்டைகளுள் ஒன்று என்னும் கீர்த்தியை அடைந்தது. மனை பிரிக்கவும் சாலை போடவும் திறந்த பொக்கிஷம், அம்மனைகளின் அடியில் என்ன இறங்குகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் நெடுங்காலம் திறக்கவில்லை.

முலாம் தொட்டியில் பயன்படும் குரோமியம், ஆறு இணைதிறன் கொண்ட நிலையில் நீரில் எளிதாகக் கரைந்து, பெங்களூரின் கருங்கற்பாறைப் பிளவுகளின் வழியே ஓசையின்றி ஊர்ந்து, பட்டறை மூடப்பட்டுப் பெயர்ப்பலகை கழற்றப்பட்ட பின்னும் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் மஞ்சள் சாயலோடு தலைகாட்டக் கூடியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பீன்யாவின் நிலத்தடி நீரில் இவ்வெல்லை பல இடங்களில் மீறப்பட்டிருக்கிறது.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. ராஜஸ்தானத்துப் பிச்ரி கிராம வழக்கில் 1996 பிப்ரவரியிலும், வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் அதே ஆண்டு ஆகஸ்டிலும், மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்னும் தத்துவத்தை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிற்று. தத்துவம் சிறந்ததே, ஆயினும் மாசுபடுத்தியவன் இன்னான் என்று தெரிந்த இடத்தில்தான் அதற்குக் கால் முளைக்கும். ராணிப்பேட்டையில் ஒரே குரோமேட் தொழிற்சாலை, சுமார் ஒன்றரை லட்சம் டன் கழிவைக் குவித்துவிட்டு, 1990களின் நடுவில் மூடப்பட்டது. குற்றவாளி ஒருவன், குவியல் ஒன்று. பீன்யாவிலோ நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள்; குத்தகை கைமாறி, உரிமையாளர் மாறி, ஒருவர் ஊற்றியதும் மற்றொருவர் ஊற்றியதும் ஒரே பிளவில் கலந்துவிட்டன. இத்தகைய இடத்தில் முதற் பரிசோதனைக்கான செலவைப் பொதுப் பணமே ஏற்றாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்கர் இதைச் சற்று முன்னரே கண்டனர். நச்சுக் கழிவு புதைத்த நிலத்தின் மேல் குடியிருப்பு எழுந்த லவ் கால்வாய் விவகாரம் 1978இல் வெடித்து, நச்சு நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பைச் சுமத்தும் பெருநிதிச் சட்டம் 1980இல் இயற்றப்பட்டதும், பொறுப்பு தம் தலையில் விழுமோ என்று அஞ்சி எவரும் பழைய ஆலை நிலத்தைத் தொடாத நிலை ஏற்பட்டது. அதனால் 1990களில் மத்திய அரசாங்கமே மண் பரிசோதனைக்கென ஊர்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கி, 2002இல் அதைச் சட்டமாகவும் ஆக்கியது.

இந்தியாவில் 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழிற்பகுதிகளை மாசின் கடுமைக்கேற்ப மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தியபோது, பீன்யா 65.11 பெற்றது. எழுபதும் அதற்கு மேலும் பெற்ற 43 இடங்களே மிகக் கொடியவை எனக் கருதப்பட்டுப் புதிய தொழில்களுக்குத் தடையும் செயல்திட்டக் கட்டளையும் பெற்றன. ஐந்து மதிப்பெண்ணுக்கும் குறைந்த இடைவெளியில் பீன்யா அக்கவனத்திலிருந்து தப்பியது, அல்லது தவறியது. மறு ஆண்டு, 2010 ஜூலை முதல், டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் வீதம் வரி விதித்துத் தேசியத் தூய எரிசக்தி நிதி அமைக்கப்பட்டது. நச்சுக் கழிவு கொட்டிய நிலங்களைச் சீர்செய்யும் திட்ட அறிக்கைகளுக்கும் இந்நிதியிலிருந்து ஒதுக்கீடு கிடைத்தது. ஆனால் 2017-18 வரை வசூலான ஏறக்குறைய 86,440 கோடி ரூபாயில், நிதிக்கு மாற்றப்பட்டது 29,645 கோடிதான். 2017இல் சரக்கு சேவை வரி வந்ததும் வரியின் திசையே மாறி, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போய்விட்டது.

2025 ஜூலையில் வெளியான மாசுற்ற நிலங்கள் மேலாண்மை விதிகள்தான் இவ்விஷயத்துக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. சந்தேகத்துக்குரிய நிலங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கொரு முறை அனுப்ப வேண்டும். முதற்கட்டப் பரிசோதனை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். பொறுப்பாளி அகப்படாதபோதோ, அகப்பட்டும் செலுத்த இயலாதபோதோ, செலவை அரசாங்கங்கள் ஏற்கும். அப்போது நாடெங்கும் அடையாளம் காணப்பட்டிருந்த மாசுற்ற நிலங்கள் 103. சீரமைப்பு தொடங்கியிருந்தவை ஏழே.

இதனிடையே 2014 மார்ச்சில் பீன்யாவுக்கு மெட்ரோ ரயில் வந்தது. பட்டறை இருந்த மனைக்கு வேறு விலையும் வேறு உபயோகமும் பிறந்தன. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோம், வில்லங்கம் பார்க்கிறோம். அந்த மனையில் முலாம் தொட்டி எந்த மூலையில் இருந்தது என்று எழுதும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.