வெப்ப பூமியில் கம்பளிக் கோட்டு

மதுரையில் வைகையின் தென்கரையிலுள்ள கோச்சடை போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் கம்பளிக் கோட்டுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். ஆயினும், 1889-இல் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் கம்பெனி ஸ்தாபிதமான காலத்தையொட்டி, வேட்டியின் மேல் கோட்டும் தலையில் பாகையுமாக வக்கீல்கள் கச்சேரிக்குச் செல்வது இங்கே சகஜமாக இருந்தது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மேலமாசி வீதியில் காந்தியடிகள் அரையாடை தரித்தபின், அந்நியத் துணி பலருக்கு மனச்சாட்சியின் விஷயமாயிற்று. அது நியாயமே என்பேன். எனினும் கறுப்புக் கோட்டு நீதிமன்றத்தில் நிலைத்துவிட்டது.

திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்துக் கற்றூண்களிடையே நெடுங்காலம் மிஷின் மிதித்த தையற்காரர்களை நினைக்காமல் இந்நகரின் உடைச் சரித்திரத்தை எழுத முடியாது.

இறுக முறுக்கிய மெல்லிய நூலை நெருக்கமின்றி நெய்த கம்பளியே, காற்றை உட்புகவிட்டு வியர்வையை உறிஞ்சுவதால், நம் சீதோஷ்ணத்துக்கு உகந்தது. உள்ளங்கையில் கசக்கி விட்டதும் சுருக்கம் தானே நீங்குமாயின், அத்துணியை வாங்கலாம். அணிந்த மறுநாள் கோட்டுக்கு ஓய்வளித்து, அகன்ற தோளுள்ள ஹேங்கரில் மாட்டி, மிருதுவான பிரஷால் தூசி தட்டி, ஈரத் துணியை மேலே விரித்தே இஸ்திரி போட வேண்டும். வியர்வைக் கறையோடு பெட்டியில் பூட்டினால், பூச்சி முதலில் அந்த இடத்தைத்தான் அரிக்கும்.