முதலில் கல், அப்புறம் நிலம்!

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு அடிக்கல் நாட்டு விழாவுக்கு வாலண்டியராகப் போயிருந்தேன். (பி.காம். பசங்க கையில் காசு கொடுத்தால் கணக்கு ஒழுங்காக வரும் என்று ஒரு மூடநம்பிக்கை.) தாம்பாளம், நவதானியம், மஞ்சள் தடவிய செங்கல், வெள்ளி முலாம் பூசிய கரணை, கிரானைட் கல்வெட்டு... எல்லாவற்றுக்கும் பில் வாங்கி ஃபைல் பண்ணியது நான்தான். பாதிக்கு மேல் செலவு பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும். நேரம் அதிகம் போனது ஒரே விஷயத்துக்கு: கல்வெட்டில் யார் பெயர் முதலில்? அதற்கு மட்டும் மூன்று மீட்டிங்!

அந்த ஃபைலை மூடிய பிறகும் ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெறும் பொட்டல் காட்டில் கல் வைப்பது சுலபம். ஏற்கெனவே ஒரு ஆலை ஓடி, மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான பேர் வேலை இழந்துபோன நிலத்தில் எப்படிக் கல் வைப்பார்கள்? யாரைக் கூப்பிடுவார்கள்? அப்படித் தேடிப் படித்ததில் சிக்கியதுதான் மும்பை இந்து மில்லின் கதை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெயரைப் பார்த்து நானும் மத சம்பந்தமானது என்றுதான் நினைத்தேன். இல்லை. 'இந்தியா யுனைடெட் மில்' என்பதைத்தான் ஊரில் சுருக்கி 'இந்து மில்' ஆக்கிவிட்டார்கள். சசூன் குடும்பத்தின் கையில் இருந்த ஆலைகள் 1940களில் கைமாறியபோது வைத்த பெயர் அது. தாதரில், கடலை ஒட்டி இருந்தது ஆறாம் எண் ஆலை. 1974-இல் நலிந்த பஞ்சாலைகளை அரசுடைமையாக்கியபோது தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் (என்.டி.சி.) கைக்கு வந்தது.

மும்பையின் முதல் பஞ்சாலையை 1854-இல் தொடங்கியவர் கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வியாபாரி. அடுத்த நூறு வருஷத்தில் பரேல், லால்பாக், தாதர் என்று அந்தப் பகுதி முழுக்க ஆலைச் சங்கின் சத்தத்துக்குத்தான் விழித்தது. 'கிரண்காவ்', அதாவது ஆலைகளின் கிராமம் என்று பெயர். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது முடிந்ததாக முறைப்படி யாரும் அறிவிக்கவே இல்லை. அப்படியே கரைந்து போனது. பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை.

இங்கேதான் நம்ம காமர்ஸ் மூளை விழித்துக்கொள்கிறது. பழைய ஆலையின் பேலன்ஸ் ஷீட்டில் நிலம் என்ன விலைக்கு இருக்கும்? வாங்கிய விலைக்கு. ஹிஸ்டாரிக்கல் காஸ்ட் என்று முதலாம் ஆண்டில் மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். துணியில் நஷ்டம், தறி காயலான் கடைச் சரக்கு. ஆனால் கால் வைத்திருக்கும் தரை தங்கம்! மூடிய ஆலை ஓடும் ஆலையைவிட அதிகம் பெறும் என்ற நிலை வந்துவிட்டால், ஆலையைத் திறக்க யார் மெனக்கெடுவார்கள்?

1991-இல் மகாராஷ்டிர அரசு ஒரு விதி போட்டது. ஆலை நிலத்தைப் புதிதாகக் கட்டடம் கட்டத் திருப்பினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு அரசு வீட்டு வசதி வாரியத்துக்கு, மிச்சம் உரிமையாளருக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2001-இல் அதில் ஒரு சின்னத் திருத்தம். மொத்த நிலத்தில் இல்லை, கட்டடம் ஏதும் இல்லாத காலி இடத்தில் மட்டும்தான் மூன்று பங்கு! ஆலை என்றாலே கட்டடம்தானே? ஊருக்கு வரவேண்டிய பங்கு சுருங்கிப்போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006-இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. அதற்கு முந்தைய வருஷமே என்.டி.சி. தன் ஆலைகளை ஏலத்தில் விட ஆரம்பித்திருந்தது. மும்பை டெக்ஸ்டைல் மில் 702 கோடி ரூபாய்க்குப் போனது. அதே தாதரில் கோஹினூர் மூன்றாம் எண் ஆலை, ஐந்து ஏக்கருக்கும் குறைவான இடம், 421 கோடி. இந்து மில் 12.5 ஏக்கர். கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள். அந்த ரேட்டில் ஆயிரம் கோடியைத் தாண்டும்.

ஆனால் இந்து மில் ஏலத்துக்குப் போகவில்லை. காரணம் அதன் பக்கத்து இடம்.

அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் இறந்தார். மறுநாள் தாதர் கடற்கரையில் தகனம். அந்த இடம்தான் சைத்யபூமி. சின்ன ஸ்தூபி, சின்ன இடம். ஒவ்வொரு டிசம்பர் 6-க்கும் அங்கே லட்சக்கணக்கான பேர் வருகிறார்கள். பக்கத்திலேயே மதில் சுவருக்குப் பின்னால் ஓடாத ஆலை ஒன்று 12 ஏக்கரில் சும்மா கிடக்கிறது. அந்த வரிசையில் மணிக்கணக்காக நிற்கும் ஒருவருக்கு என்ன தோன்றும்? 2011 டிசம்பர் 6 அன்று, அம்பேத்கரின் பேரன் ஆனந்த்ராஜ் அம்பேத்கரின் தலைமையில் ஆட்கள் ஆலைக்குள் நுழைந்து உட்கார்ந்தே விட்டார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2012 டிசம்பரில், நினைவகத்துக்காக நிலத்தை மாநிலத்துக்குக் கொடுப்பதாக மத்திய ஜவுளி அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

அறிவிப்பு வேறு, பத்திரம் வேறு இல்லையா? 2015 ஏப்ரலில்தான் மத்திய அரசு, மாநில அரசு, என்.டி.சி. மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். அதே வருஷம் அக்டோபர் 11 அன்று பிரதமர் மோடி வந்து பூமி பூஜை செய்து அடிக்கல் நாட்டினார். அன்றைக்கு மட்டும் அவருக்கு மும்பை வட்டாரத்தில் வேறு அடிக்கல்களும் இருந்தன. ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் நான்காவது சரக்கு முனையம், நகரத்தில் மெட்ரோ ரயில் பாதைகள். மறுநாள் பீகாரில் முதல் கட்ட வாக்குப்பதிவு. விழாத் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இன்னும் சில காலண்டர்கள் உண்டு என்று புரிந்தது. ஆட்சியில் கூட்டாளியாக இருந்த சிவசேனாவின் தலைவர் உத்தவ் தாக்கரே விழாவுக்கு வரவில்லை. அன்று அவர் பீட் மாவட்டத்தில் வறட்சியால் பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு உதவி கொடுத்துக்கொண்டிருந்தார். என் மூன்று மீட்டிங்குகள் ஞாபகத்துக்கு வந்தன :-)

சரி, நிலம் எப்போது கைமாறியது? 2017 மார்ச்சில்தான் நிலத்தை மாற்றிக் கொடுக்கும் ஆவணங்கள் மாநில முதல்வர் கைக்கு வந்தன. அதாவது கல் வைத்து ஏறத்தாழ ஒன்றரை வருஷம் கழித்து! ஒரு சாதாரண மனுஷன் பத்திரம் பதியாத மனையில் பூமி பூஜை போட்டால் வீட்டில் பெரியவர்கள் விடுவார்களா? இங்கே அடிக்கல் என்பது கட்டடத்தின் தொடக்கம் இல்லை. 'இந்த இடம் இனி இதற்குத்தான், இதைக் கொடுத்தது நாங்கள்தான்' என்று ஊரறியச் சொல்லும் முன்பதிவு ரசீது.

அதற்குப் பிறகு இன்னொரு விழா, நடக்காத விழா. 2020 ஜனவரியில் சிலையின் உயரத்தைக் கூட்டினார்கள். பீடத்தோடு சேர்த்து 350 அடி என்று இருந்தது 450 அடி ஆனது. மதிப்பீடும் 763 கோடியிலிருந்து ஏறத்தாழ 1,090 கோடிக்கு ஏறியது. அந்த வருஷம் செப்டம்பர் 18 அன்று சிலைக்கு அடித்தளம் போடும் விழா என்று மும்பை பெருநகர வளர்ச்சி ஆணையம் ஏற்பாடு செய்தது. அழைப்பு எல்லோருக்கும் போகவில்லை என்று சர்ச்சை கிளம்ப, அன்றைக்கே விழா தள்ளிவைக்கப்பட்டது. அப்போது முதல்வர் யார் தெரியுமா? 2015 விழாவுக்கு வராத அதே உத்தவ் தாக்கரே.

நினைவகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏலத்துக்குப் போயிருந்தால் அங்கே இன்னொரு மாலோ நாற்பது மாடி ஃப்ளாட்டோ வந்திருக்கும். அதைவிட இது ஆயிரம் மடங்கு நியாயம். அம்பேத்கருக்கும் ஆலைகளுக்கும் உறவும் உண்டு. பரேலில் தொழிலாளர் குடியிருப்பான சாலில் பல வருஷம் வாழ்ந்தவர் அவர். பம்பாய் மில்களில் தலித் தொழிலாளர்களை நெசவுப் பிரிவில் சேர்க்க மாட்டார்கள். நூல் அறுந்தால் நாடாவில் இருந்து வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு என்று காரணம் சொன்னார்கள். நல்ல கூலி இருந்ததோ நெசவில்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சினையைக் கிளப்பினார். பிறகு 1938 நவம்பரில், வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கியவரும் அவர்தான்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த பங்கு என்ன? 2012 ஜூனில் குலுக்கல் போட்டு 6,925 வீடுகள் ஒதுக்கினார்கள். வீடு கேட்டு விண்ணப்பித்திருந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் லட்சத்துக்கு மேல். வேலை போனபோது முப்பது வயதில் இருந்தவருக்கு அந்தக் குலுக்கலின்போது அறுபது.

இந்து மில் வளாகத்தில் கட்டுமானம் 2018-இல் தொடங்கியது. 2024 முடிந்தபோதும் நினைவகம் திறக்கப்படவில்லை. அந்த டிசம்பர் 6-க்கும் வந்த கூட்டம் கட்டுமான வேலியைத் தாண்டி, பக்கத்தில் இருக்கும் அதே சின்ன ஸ்தூபிக்குத்தான் வரிசையில் நின்றது.