22 பேர், ஒரு வேன், ஆம்பூர்: கையைக் கடிக்காமல் சாப்பிடுவது எப்படி?

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் ஆம்பூர் வந்துவிட்டதா என்று மைல்கல் பார்க்கத் தேவையில்லை. சாலையோரம் வரிசையாக பிரியாணி போர்டுகள் தெரிய ஆரம்பித்ததுமே, "டிரைவர் அண்ணே, இங்கேயே ஓரங்கட்டுங்க" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்துவிடும். நாலு பேர் காரில் போகிறீர்கள் என்றால் கவலையே இல்லை, எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். வேனில் இருபது, இருபத்தைந்து பேர் என்றால்தான் கதையே மாறிவிடும்.

போன வருஷம் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்துக்காக காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு போய்த் திரும்பினோம். மொத்தம் 22 பேர். "ஆம்பூர்ல மதியச் சாப்பாடு" என்று சித்தப்பா தலைக்கு இவ்வளவு என வசூலித்து வைத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தது மூன்றரை மணிக்கு. முதல் கடையில் மட்டன் தீர்ந்துவிட்டது. அடுத்த கடையில் ஆறு பேருக்குத்தான் இருந்தது. கடைசியில் பெரிய ஏ.சி. ஹோட்டல் ஒன்றில் நுழைந்து, அஞ்சு டேபிளில் பிரிந்து உட்கார்ந்து, ஆளாளுக்கு ஆர்டர் கொடுத்தோம். பில் வந்தபோது வசூலித்த பணத்தைப் போல ஒன்றரை மடங்கு. சித்தப்பா யாரிடமும் சொல்லவில்லை. வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு நண்பருக்கு போன் போட்டு, "ஒரு ரெண்டாயிரம் ஜி-பே பண்ணுப்பா" என்று மெதுவாகக் கேட்டதை நான் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்டு விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

பிளேட் கணக்கு வேண்டாம், கிலோ கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாமே தோல் தொழில் ஊர்கள். ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்க்கிறார்கள். கம்பெனி விசேஷம், கல்யாணம், காதுகுத்து என்று தேக்சா தேக்சாவாக பிரியாணி இறக்கிப் பழகிய ஊர்கள் இவை. ஸ்டார் பிரியாணி தன் தொடக்கமே 1890 என்று சொல்லிக்கொள்கிறது. ஆற்காடு நவாப் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த கைப்பக்குவம் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஆக, இருபது பேருக்குச் சமைப்பது இந்த ஊருக்குப் பெரிய விஷயமே இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்பதுதான் பிரச்னை.

முதல் நாளே போன் செய்து கிலோ கணக்கில் சொல்லிவிடுங்கள். பக்கெட் பிரியாணி என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "கிலோன்னா அரிசி எடையா, வெந்த எடையா?" இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஆம்பூர் வழக்கப்படி ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கறி. வெந்தபிறகு எல்லாம் சேர்ந்து மூன்று கிலோ போல வரும். அது ஏழெட்டுப் பேருக்குத் தாராளம். 22 பேரில் அஞ்சாறு குழந்தைகள் இருந்தால் மூன்று கிலோ அரிசி போதும். அதுவே வெந்த எடையில் மூன்று கிலோ என்றால் எட்டு பேருக்கு மேல் தாங்காது.

மட்டன்தான் விலை ஏற்றும். இரண்டு கிலோ சிக்கன், ஒரு கிலோ மட்டன் என்று கலந்து சொன்னால் ஆசைக்கு ஆசையும் ஆச்சு, பர்ஸும் தப்பிக்கும். எண்ணெய்க் கத்தரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் பிரியாணியோடு சேர்ந்ததா, தனிக்காசா என்று கேட்டுவிடுங்கள். சிக்கன் 65-ஐ மட்டும் அங்கே போய் ஆளாளுக்கு ஆர்டர் செய்ய விடாதீர்கள். எங்கள் பில்லில் பாதியைத் தின்றது அதுதான்!

பார்சல் வாங்கி எங்கே சாப்பிடுவது? சில கடைகளில் மாடியில் ஹால் இருக்கும். "இருபது பேர் வர்றோம், இலை போட்டு உட்கார இடம் கிடைக்குமா?" என்று ஆர்டர் கொடுக்கும்போதே பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஏலகிரி போகிறவர்கள் மலை ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நிறைந்த வயிற்றோடு என்றால் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். சூடான பக்கெட்டை வெயிலில் நிற்கும் வேனுக்குள் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

நேரம் முக்கியம். பன்னிரண்டரைக்குள் போய்விட்டால் தம் உடைத்த சூட்டோடு கிடைக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை நேரத்தில் சில கடைகளில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ரமலான் மாதம் என்றால் பகல் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள், சாயங்காலத்துக்குமேல்தான் ஊரே களைகட்டும்.

"குஸ்கா தாங்க, கறி இல்ல"

எங்கள் கூட்டத்தில் சனிக்கிழமை கறி தொடாத பாட்டி ஒருவர் இருந்தார். சர்வர் தம்பி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "பாட்டிக்கு குஸ்கா கொடுத்துடலாம், கறி இல்ல." குஸ்காவில் கறித்துண்டு இருக்காது, அவ்வளவுதான். கறியோடு வெந்த அதே சாதம் அது. நல்லவேளை, அத்தை பக்கத்து டேபிளிலிருந்து எழுந்து வந்து தடுத்துவிட்டார். பாட்டி அன்றைக்குச் சாப்பிட்டது இரண்டு வாழைப்பழம். "எனக்குப் பசியே இல்லடா" என்றார். காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டவர்.

கூட்டத்தில் ஒரே ஒருவர் சைவம் என்றாலும் அவருக்கு முதலில் ஏற்பாடு செய்யுங்கள். வரும் வழியிலேயே ஏதாவது சைவ ஹோட்டலில் தயிர் சாதமோ சாம்பார் சாதமோ பார்சல் வாங்கிவிட்டால் முடிந்தது. புரட்டாசியில் திருப்பதி போகிற வேன் என்றால் சொல்லவே வேண்டாம், ஆம்பூரை விட்டுவிட்டு வேலூரில் நிறுத்துங்கள். அங்கே சைவ ஹோட்டல்களுக்குப் பஞ்சமில்லை.

அதேபோல பீஃப். இந்தப் பகுதியில் பீஃப் பிரியாணி சாதாரணமாகக் கிடைக்கும், மட்டனைவிட விலை குறைவு, தொழிலாளர்கள் பலருக்கு அதுதான் அன்றாட மதியச் சாப்பாடு. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் பீஃபுக்கு இடமில்லை என்றதும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு அது அவ்வளவு நெருக்கமான சாப்பாடு. உங்கள் கூட்டத்தில் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். சாப்பிடாதவர்கள் இருந்தால் முகம் சுளிக்காமல், "எது எந்த தேக்சா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலூரில் தங்குகிறவர்களுக்கு

சி.எம்.சி. மருத்துவமனைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர் வருவது இங்கே சகஜம். பத்து நாள் ஹோட்டல் சாப்பாடு என்றால் மருந்துச் செலவுக்குச் சமமாகிவிடும். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் சமைத்துக்கொள்ள வசதியுள்ள லாட்ஜ்கள் இருக்கின்றன. அறை எடுக்கும்போதே கேளுங்கள். மேற்கு வங்கம், வடகிழக்கிலிருந்து வருகிறவர்களுக்காக நடக்கும் பெங்காலி மெஸ்களில் மீன் குழம்புச் சாப்பாடு அதிகச் செலவில்லாமல் கிடைக்கும். மாணவர்கள் கூட்டம் என்றால் மாநகராட்சி அம்மா உணவகமும் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்குள் போய்விட வேண்டும்.

பில் வந்தபிறகு

சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். காம்போசிஷன் முறையில் இருக்கும் சின்னக் கடைகள் தனியாக வரி போட முடியாது. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால், அது கட்டாயமில்லை. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்துவிட்டது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 எண்ணுக்குப் புகார் செய்யலாம். தண்ணீருக்கு வேனில் ஒரு 20 லிட்டர் கேன் ஏற்றிக்கொண்டாலே சில நூறு ரூபாய் மிச்சம்.

டிரைவர் விஷயம் ஒன்று. கூட்டத்தை அழைத்து வரும் டிரைவருக்குச் சில பெரிய ஹோட்டல்களில் சாப்பாடு இலவசம். அதனால் வண்டி தானாக அங்கே போய் நிற்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் பசிக்கும். கிளம்பும்போதே, "அண்ணே, சாப்பாடு எங்களோடதான், கடை ஏற்கெனவே சொல்லியாச்சு" என்று சொல்லிவிடுங்கள். கணக்கில் அவரையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தை மாதம் கல்யாணத்துக்கு மறுபடியும் அதே வழியில் போனோம். இந்தமுறை 26 பேர். முதல் நாளே போன் செய்து மூன்றரை கிலோ சொல்லியிருந்தேன். பாட்டிக்கு வாலாஜா பக்கம் ஒரு சைவ ஹோட்டலில் தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பார்சல். ஆம்பூரில் மாடி ஹாலில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். முதல் இலை பாட்டிக்கு. மீதிப் பணத்தில் சித்தப்பா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.