வாங்குவதா, மாற்றிக் கட்டுவதா? எமது மண்ணின் சைக்கிள் வரலாற்றில் ஒரு கேள்வி

 

கடந்த வாரம் எமது பழைய மாணவர்கள் சிலர் ஒரு விடயமாக வந்தார்கள். அவர்களோடு படித்த தம்பி ஒருவர் 2009 இல் சிறு பிள்ளையாக இருந்தபோது இடுப்புக்கு மேலே ஷெல் துண்டு பட்டவர். கால்கள் இரண்டும் நன்றாக இயங்கும். ஆனால் சாதாரண சைக்கிள் சீற்றில் முன்னால் குனிந்து பத்து நிமிடம் இருந்தால் முதுகு தாங்காது. வேலைக்குப் போக ஆறு கிலோமீற்றர். வைத்தியர் சாய்ந்து இருக்கச் சொல்கிறார். வெளிநாட்டில் சாய்ந்திருந்து மிதிக்கும் சைக்கிள் இருப்பதைத் தம்பி காணொளியில் பார்த்திருக்கிறார்.

மாணவர்களிடையே இரண்டு கட்சி. காசு சேர்த்து வெளிநாட்டிலிருந்து எடுப்போம் என்றார்கள் ஒரு பகுதியினர். இரண்டு பழைய சைக்கிளை ஒட்டுக்கடையில் கொடுத்து நாமே கட்டுவோம் என்றார்கள் மற்றவர்கள். எம்மிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நாம் சரித்திரம் படிப்பிக்கிறவர்கள்; சரித்திரத்தைத்தான் முதலில் சொன்னோம். அதையே இங்கும் எழுதுகிறோம்.

உடல் இயலாத ஒருவருக்கான மிதிவண்டியின் கதை, சைக்கிள் பிறப்பதற்கு முன்பே தொடங்கி விட்டது. 1655 இல் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகருக்கு அருகில் ஸ்டெபான் ஃபார்ஃப்லர் என்ற மணிக்கூடு செய்பவர் இருந்தார். நடக்க முடியாதவர். வயது 22. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தனக்காகத் தானே செய்து கொண்டார். மணிக்கூட்டின் பற்சக்கரங்களைப் பழகிய கை அது. வாங்குவதற்குக் கடை இல்லை, கேட்பதற்குக் கம்பனி இல்லை. தன் உடம்பின் அளவு தனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சாய்ந்திருந்து மிதிக்கும் வண்டியும் ஒரு வீட்டுத் தேவையில்தான் வளர்ந்தது. பிரான்சில் சார்ல்ஸ் மோஷே என்பவரின் மகன் சைக்கிள் கேட்டான். தாய் ஆபத்து என்று மறுத்தார். தகப்பன் நான்கு சக்கரத்தில், கதிரையில் இருப்பது போல இருந்து மிதிக்கும் வண்டி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அது வளர்ந்து இரண்டு சக்கரமானது. 1933 யூலை 7 இல் பரிஸ் நகர ஓட்டத் திடலில், முதல் வரிசையில் இல்லாத வீரரான பிரான்சிஸ் ஃபோர் அந்த வண்டியில் ஒரு மணித்தியாலத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். 1914 முதல் யாரும் அசைக்காத சாதனை உடைந்தது. கால் முன்னால் நீண்டு, உடம்பு தாழ்ந்து இருப்பதால் காற்று குறைவாகவே மறித்தது.

நடந்தது என்ன? சர்வதேச சைக்கிள் சங்கம் கூடி, சைக்கிள் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று வரைவிலக்கணம் எழுதி, 1934 ஏப்ரல் 1 முதல் அந்த வண்டியைப் போட்டிகளிலிருந்து நீக்கியது. மோஷே அதே ஆண்டில் இறந்தார். போட்டியில் இல்லாததைப் பெரிய கம்பனிகள் செய்யவில்லை, கம்பனி செய்யாததைக் கடைக்காரன் வைக்கவில்லை. அதன் பின் பல பத்தாண்டுகள் இந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தவர்கள், வீட்டுப் பின்வளவில் பழைய சைக்கிளை வெட்டி ஒட்டியவர்கள்தான். ஆக, “மாற்றிக் கட்டியது மட்டம், வாங்கியதுதான் அசல்” என்ற எண்ணம் இந்த வண்டி விடயத்தில் சரித்திரப்படி பிழை.

இனி எமது மண்ணுக்கு வருவோம்.

1990 ஒக்டோபரில் நாம் இங்கிருந்து வெளியேற்றப்பட்டோம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் எல்லாம் வெறுமையாகின. கையில் எடுத்துப் போகக் கூடியதைத் தவிர மற்றதெல்லாம் இங்கேயே நின்றது, சைக்கிள்களும்தான். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில், எமது ஆட்கள் முதலில் தேடிய சொத்து ஒரு பழைய சைக்கிள். பின்னால் பெட்டி கட்டினால் மீன் விற்கலாம், பலகை கட்டினால் மரக்கறி விற்கலாம். மாற்றிக் கட்டும் வேலையை நாமும் அங்கே படித்தோம்.

அதே காலத்தில் இங்கே இருந்தவர்கள் பட்டதை, திரும்பி வந்த பிறகு அயலவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். பொருளாதாரத் தடையால் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினார்கள். டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். கிளாலிக் கடலேரியில் மனிதரோடு சைக்கிளும் படகில் ஏறியது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட சனத்தில் பலருக்கு வீடு, வாகனம் எல்லாமே அந்தச் சைக்கிள்தான். அது பிறகு வன்னிக்கும் வந்தது. 2002 இல் ஏ9 பாதை திறக்கும் வரை, வாங்குவதா மாற்றுவதா என்ற கேள்வியே இங்கு இருக்கவில்லை. மாற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

2009 மே மாதத்துக்குப் பின், முள்ளிவாய்க்கால் பக்கத்தில் சனம் விட்டுப் போன சைக்கிள்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. கறள் பிடித்த அந்தக் குவியலைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தைச் சுமந்த சைக்கிள். நாம் 1990 இல் விட்டுப் போனதும் அவர்கள் 2009 இல் விட்டுப் போனதும் ஒரே மாதிரி இரும்புதான்.

பிறகு 2022 எரிபொருள் நெருக்கடி. வரிசையில் நின்று களைத்த நாடு முழுவதும் சைக்கிளைத் தேடியது. விலை ஏறியது. புதிதாக வாங்க முடியாதவர்கள் கொட்டிலில் கிடந்த பழையதைத் தூசு தட்டித் திருத்தினார்கள். அந்த மாதங்களில் ஊரின் பெரிய மனிதர் சைக்கிள் திருத்துபவர்தான்.

இந்தச் சரித்திரத்தை வைத்து, “எப்போதும் மாற்றிக் கட்டுவதே சிறந்தது” என்று நாம் சொல்ல வரவில்லை. தடைக்காலத்து மாற்றம் வக்கில்லாமல் செய்தது. அந்த மண்ணெண்ணெய்ப் புகையைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அதைச் சுவாசித்தவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். இன்று பாதை திறந்திருக்கிறது. ஆகவே இரண்டையும் தராசில் வைக்கலாம்.

வாங்கினால்: அளவாகச் செய்த சட்டம், நல்ல பிறேக், சோதித்த பாதுகாப்பு. ஆனால் மூன்று சக்கரச் சாய்வு வண்டி புதிதாக ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேலே போகும். கப்பல் கூலியும் வரியும் வேறு. பிறேக்கோ கியரோ உடைந்தால் உதிரிப்பாகம் முல்லைத்தீவில் இல்லை. வந்த வண்டி தம்பியின் முதுகுக்குப் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பவும் முடியாது.

மாற்றிக் கட்டினால்: ரயர், ரியூப், செயின் எல்லாம் சந்திக் கடையில் கிடைக்கும். சீற்றின் சாய்வை அவருடைய முதுகை வைத்தே அளக்கலாம். ஆனால் வேலை லேசானதல்ல. பெடல் முன்னால் போவதால் இரண்டு செயினுக்கு மேல் இணைக்க வேண்டும். அது தொய்யாமல் ஓட நடுவில் சிறு உருளை வேண்டும். இரண்டு சக்கரத்தில் புறப்படும்போது சமநிலை பிடிப்பது முதுகு நோவுள்ளவருக்குக் கஷ்டம். ஆகவே வியாபார வண்டி போலப் பின்னால் இரண்டு சக்கரம் போடலாம். ஆனால் பெடல் விசை ஒரு பின்சக்கரத்துக்கு மட்டும் போக வேண்டும். மற்றது சும்மா உருள வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் இழுக்கும். வேகமாகத் திருப்பினால் கவிழவும் கூடும். ஒட்டு விட்டுப் போனால் நடுவீதியில் விழுவது தம்பிதான். வண்டி தாழ்வானது என்பதால் லொறிக்காரன் கண்ணுக்குத் தெரிய உயரத் தடியில் கொடி கட்டாமல் ஏ9 பக்கம் போகவே கூடாது.

இதையெல்லாம் பேசி முடிந்த பிறகுதான் ஒரு மாணவி கேட்டார்: “சேர், அவனிடம் யாராவது கேட்டீர்களா?” யாரும் கேட்கவில்லை. எமக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஃபார்ஃப்லர் கதையைச் சொன்ன நாமே அதன் பாடத்தை மறந்து விட்டோம்.

மாலையில் போய்க் கேட்டோம். தம்பி சொன்னது இரண்டே விடயம். “எது என்றாலும் உடைந்தால் நானே திருத்தக் கூடியதாக இருக்க வேணும். பார்க்கிறவர்கள் உதவிக்குக் கொடுத்த வண்டி என்று நினைக்கக் கூடாது, என்னுடைய வண்டி என்று நினைக்க வேணும்.”

அத்தோடு எமக்குத் தீர்ப்புச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. முதலில் கட்டுவது. வைத்தியரிடம் சாய்வைக் காட்டி ஒப்புதல் எடுப்பது. ஒரு மாதம் ஊர் ஒழுங்கையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. பொருந்தாவிட்டால் நட்டம் பழைய இரும்பும் சில நாள் உழைப்பும்தான். அப்போது எந்த அளவில் வாங்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும். கூலியில் ஒரு பங்கைத் தானே தருவதாகத் தம்பி சொல்லி விட்டார். நாம் மறுக்கவில்லை.

உங்கள் கொட்டிலில் சும்மா கிடக்கும் 26 அங்குலச் சக்கரம், நல்ல செயின், தேயாத பிரீவீல் இருந்தால் சொல்லுங்கள். மாணவர்கள் வந்து எடுப்பார்கள். வண்டி வீதிக்கு வரும் நாளில் எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ்.