தரங்கம்பாடிக்கு வந்த இருவர்
அத்தியாயம் 4: கடைத்தெருவில் விட்டுப் போனார்கள்

டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் மிஷனரி வேலைக்கு ஆள் தேடினார் என்பதையும், சொந்த நாட்டில் ஒருவரும் அகப்படாமல் ஜெர்மனிக்குக் கடிதம் போனதையும் சென்ற வாரம் பார்த்தோம். கடிதம் போய்ச் சேர்ந்ததோ ஒரு நோயாளியிடம்.

பர்த்தலோமேயு சீகன்பால்க். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. உடம்பு ஒத்துழைக்காமல் ஹாலே நகரத்துப் படிப்பைப் பாதியில் விட்டவர். வயது 23. தன்னைவிடத் தகுதியான ஆளைப் பாருங்கள் என்றுதான் அவரும் கேட்டுக்கொண்டார். யார் கேட்டார்கள்? எங்கே போகவேண்டும் என்பதிலும் அழைத்தவர்களுக்கே தெளிவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் என்றார்கள், அப்புறம் ஆப்பிரிக்காவின் கினியா என்றார்கள், முடிவில் தரங்கம்பாடி என்றார்கள். கடவுளே கூப்பிடுகிறார் என்று நம்பிக் கிளம்பியவருக்கு ஊர் பெயர்கூட நிலையில்லை! ஆனாலும் அந்தத் தயக்கம்தான் எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்குகிறது. துள்ளிக் குதித்துக் கிளம்புகிறவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள்.

கோபன்ஹேகனில் பிஷப் அவரையும் கூட்டாளி புளுட்சோவையும் தேர்வில் தள்ளிவிட்டார். அரசர் விடவில்லை. மறுதேர்வு நடந்தது, தேறினார்கள். 1705 நவம்பர் 29 அன்று 'சோபியா ஹெட்விக்' பாய் விரித்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏழு மாதத்துக்கு மேல் பயணம்.

1706 ஜூலையில் தரங்கம்பாடி தெரிந்தது. அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்க, அலைகளைத் தாண்டிப் படகில்தான் கரையேறவேண்டும். வழியெல்லாம் இவர்களோடு முறைத்துக்கொண்டு வந்த கேப்டன், உடனே இறங்கவும் விடவில்லை. ஒருவழியாகக் கரை சேர்ந்தால் ஊருக்கு வெளியே நிற்கவைத்தார்கள். ஜூலை மாதத்து வெயில். உள்ளே வா என்று சொல்ல ஆளில்லை.

காரணம் இருந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் பெற்ற இந்தக் கடற்கரையில் டேனியர் நடத்தியது வியாபாரம். மதம் பேசி ஊராரைக் கிளறினால் வியாபாரம் படுத்துவிடும் என்று டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி பயந்தது. அரசர் முத்திரை ஒரு பக்கம், கம்பெனிக் கணக்குப் புத்தகம் மறுபக்கம். ஆளுநர் ஹாசியஸ் எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டியதில்லை.

பிற்பகலில் அவர் பரிவாரத்தோடு வந்தார். எதற்கு வந்தீர்கள், யார் அனுப்பியது என்று அதட்டினார். அரசரின் கடிதத்தை நீட்டினார்கள். முகம் மாறவில்லை. பின்னாலேயே வரச்சொல்லிவிட்டு நடந்தார். கோட்டைக்கோ விருந்தினர் விடுதிக்கோ என்று எண்ணி இருவரும் தொடர்ந்தார்கள். கடைத்தெரு வந்ததும் ஆளுநர் இவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

தமிழ் ஒரு சொல் தெரியாது. ஊரில் பலருக்குப் புரிந்த போர்ச்சுக்கீசியமும் தெரியாது. இருட்டப்போகிறது. வேடிக்கை பார்க்கிறவர்களில் ஒருவரும் கிட்டே வரவில்லை. இரண்டே வருடத்தில் இதே ஆளுநர் சீகன்பால்கைக் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்துவைக்கப்போகிறார். அது பிறகு. இன்றைய ராத்திரி எங்கே படுப்பது?

அப்போது ஒருவர் இவர்களை நோக்கி வந்தார். சற்றுமுன் ஆளுநரோடு நடந்துவந்த அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்.

(தொடரும்)