ஸ்நாப் தி விப் (ஓவியம்)

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1872இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம்.

சிவப்பு நிறச் சிற்றூர்ப் பள்ளிக்கூடம். அதன் முன்னே புல்வெளியில் கைகோத்து ஓடும் சிறுவர்கள், பலர் வெறுங்காலுடன். முன்னால் இழுப்பவர்கள் சட்டென்று நின்றுவிட, ஓட்டத்தின் வேகம் வரிசை நெடுகப் பாய்ந்து கடைசியில் இருப்பவர்களைத் தூக்கியெறியும். அதுதான் 'ஸ்நாப் தி விப்' விளையாட்டு. ஓவியத்தில் இருவர் பிடி நழுவி விழுகிறார்கள்.

1861–65 உள்நாட்டுப் போர்க் காட்சிகளை 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழுக்கு வரைந்தவர் ஹோமர். போர் முடிந்து ஏழே ஆண்டுகள். மக்கள் கிராமங்களைவிட்டு ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்துகொண்டிருந்தார்கள். அதனால் மறையும் நாட்டுப்புறத்தின் மீதான ஏக்கமாகவே இந்த ஓவியத்தைப் பலர் பார்த்தனர். கோத்த கைகளில் மீண்டும் இணைந்த தேசத்தையும், விழுபவர்களில் அந்த இணைப்பின் பலவீனத்தையும் காண்பவர்களும் உண்டு. இந்த இரண்டாம் பார்வையே வலுவானது: படத்தின் உயிர், விறைத்து இழுபடும் கரங்களில்தான் இருக்கிறது.

1873இல் இதன் மரச்செதுக்குப் பதிப்பு 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் வெளியானது. ஹோமர் இதை இரு அளவுகளில் தீட்டினார். பெரியது ஒஹையோவின் யங்ஸ்டவுன் நகரிலுள்ள பட்லர் கலைக்கூடத்திலும், சிறியது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் உள்ளன.